கணுக்காலில் ஒரு மதகு

தீபாவளியன்று பெரியவர்களின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவது நம் வீட்டில் நெடுநாளைய வழக்கம். விழுகிறவர்கள் யாரும் காலை உற்றுப் பார்ப்பதில்லை. அவர்களுடைய கவனமெல்லாம் பெரியவர்களின் கையில் மடித்து வைத்திருக்கும் புது நோட்டின் மேல்தான். நாமும் நாற்பது வருஷத்துக்கு மேலாக நம் தமக்கையின் காலில் இப்படியே விழுந்து எழுந்திருக்கிறோம். அந்தக் காலின் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு நாடி துடிக்கிறது. எலும்புக்கு முன்னால் நீல நிறக் குழாய் ஒன்று மேல் நோக்கி ஓடுகிறது. அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சில விரற்கடை தூரத்தில் ஒரு மனுஷியின் உயிர் தங்கியிருக்கக்கூடும் என்பது 2023-ஆம் வருஷம் வரையில் நமக்குத் தெரியாது.

அக்காளின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தி வெகு காலமாகிறது. (நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று கூசாமல் சொல்லி வந்ததைத்தான் நாம் நாகரிகமாகச் சிறுநீரகம் என்கிறோம்.) உள்ளுக்குள்ளேயே சத்தமில்லாமல் புகைந்துகொண்டிருந்த நெப்ரைட்டிஸ் என்னும் வியாதி அவற்றைச் சுருங்கச் செய்துவிட்டது. ஆகவே 2017-ஆம் வருஷம் முதற்கொண்டு, வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், டயாலிஸிஸ் யந்திரமே அவளுக்குச் சிறுநீரகம்.

யந்திரம் கிடைப்பது இப்போது முன்போல் குதிரைக் கொம்பல்ல. 2016-இல் மத்திய அரசாங்கம் தேசீய டயாலிஸிஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஜில்லா ஆஸ்பத்திரிகளில் யந்திரங்கள் வைக்க ஏற்பாடு செய்தது. நம் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆனால் யந்திரம் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? ரத்தம் அதற்குள் போகவும் திரும்பி வரவும் வழி வேண்டுமே! கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்க ஏற்றமும் இருக்கிறது, வாய்க்கால் மட்டும் தூர்ந்து கிடக்கிறது என்றால் பயிருக்கு என்ன கதியோ, அந்தக் கதிதான் நோயாளிக்கும்.

இந்த வழியின் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் 300 மில்லி லிட்டர் ரத்தம் யந்திரத்துக்குப் போய் வர வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 72 லிட்டர் ஆகிறது. அக்காளின் உடம்பில் உள்ள ரத்தமோ நாலரை லிட்டருக்கு மேல் இராது. அதே ரத்தம்தான் ஏறக்குறைய 16 தடவை போய்ப் போய்த் திரும்புகிறது. இவ்வளவு வேகமாக ரத்தம் தருவது தமனி, அதாவது இருதயத்திலிருந்து நேரே பாய்ந்து வரும் குழாய். ஆனால் அது ஆழத்தில் ஓடுவது. வாரம் மூன்று தடவை அதில் ஊசி குத்தினால் தாங்காது. தோலுக்கடியில் நீலமாகத் தெரியும் சிரை என்னும் குழாயில் குத்துவது எளிது; ஆனால் அதில் ரத்தம் ஊர்ந்துதான் செல்கிறது. ஆஸ்பத்திரிகளில் “நரம்பு கிடைக்கவில்லை” என்று சொல்லிக்கொண்டு கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களே, அவர்கள் தேடுவது நரம்பே அல்ல, இந்தச் சிரையைத்தான்.

ஆகவே ரண சிகிச்சை நிபுணர்கள் ஒரு யுக்தி செய்கிறார்கள். தமனியின் பக்கத்தில் சிறு துவாரம் செய்து, அருகிலுள்ள சிரையை அறுத்து அதன் முனையை அந்தத் துவாரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்கிறது. சில வாரங்களில் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசிக்குத் தயாராகிறது. இதற்கு பிஸ்டுலா என்று பெயர். டயாலிஸிஸ் வார்டில் இந்தப் பெயர் தெரியாத நோயாளியே கிடையாது.

அக்காளின் கைகளில் இந்த யுக்தி ஏன் பலிக்காமல் போயிற்று என்பதை இனிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நமக்குக் கூச்சமாயிருக்கிறது. பத்திரிகை வழக்கப்படி நாம் ‘நாம்’ என்று எழுதிக்கொண்டு போகிறோம். பழி வருகிற இடத்தில் இந்தப் பன்மை மிகவும் சௌகரியமானது. நேயர்களில் பாதிப் பேரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு விடுகிறது. ஆகையால் ஸ்பஷ்டமாகச் சொல்லிவிடுகிறோம்: கீழே வரும் ‘நாம்’ ஒரே ஒருவர்தான்.

2016-இல் அக்காளை முதல் முதலாகச் சிறுநீரக வைத்தியரிடம் அழைத்துப் போனது நாம். அவர் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, மருந்துகளை எழுதி, சீட்டின் அடியில் தனியாக ஒரு வரியும் எழுதினார். இடது கையில் ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுப்பதானால் புறங்கையில் எடுக்கவும் என்பது அதன் தாத்பரியம். நாம் அதைப் படித்தோம், பத்திரமாகப் பைலில் வைத்தோம், மறந்தோம். மருந்துச் சீட்டில் மருந்தைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம் என்பது அந்நாளில் நம்முடைய அபிப்பிராயம்.

அவ்வருஷம் கோடையில் அக்காளுக்கு ஓயாத அசதி. சோறு இறங்கவில்லை, வாய் கசந்தது. இவையெல்லாம் சிறுநீரகம் கெடுகிறபோது வரும் லக்ஷணங்கள். நாம் கண்ட சிகிச்சையோ வேறு. “ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்” என்று தெருக்கோடியிலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துக்கொண்டு போனோம். ஒரு தடவை அல்ல, அந்தக் கோடையில் ஆறு ஏழு தடவை. அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். வலது கையில் இரண்டிடத்தில் குத்திப் பார்த்தாள், கிடைக்கவில்லை. “சார், இடது கையில் போடட்டுமா?” என்று கேட்டாள். “எங்கே கிடைக்கிறதோ அங்கே போடம்மா” என்றோம் நாம். பைல் அப்போது நம் கையிலேதான் இருந்தது.

ஊசி தங்கிய சிரை உள்ளே புண்ணாகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த குழாய் குறுகி அடைபடுகிறது. 2017-இல் மூச்சுத் திணறலுடன் நடுநிசியில் அக்காளை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, உடனே டயாலிஸிஸ் செய்தாக வேண்டியிருந்தது. பிஸ்டுலா பழுக்கும் வரையில் காத்திருக்க அவகாசம் ஏது? வலது காரை எலும்புக்கடியில் கதீட்டர் என்னும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி உயிரைக் காப்பாற்றினார்கள். பிறகு இடது மணிக்கட்டில் பிஸ்டுலா செய்யப் போன டாக்டர் அரை மணியில் வெளியே வந்துவிட்டார். “அங்கே குழாய் இல்லை, கயிறுதான் இருக்கிறது” என்றார். அது யார் திரித்த கயிறு என்று அவர் கேட்கவில்லை. நாமும் வாயைத் திறக்கவில்லை.

முழங்கையில் செய்தது நான்கு வருஷம் ஓடிற்று. 2021-இல் ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்து ரத்த அழுத்தம் விழுந்தது. மறுநாள் காலை பிஸ்டுலா நின்று போயிருந்தது. அதே கையில் மேலே வைத்த செயற்கைக் குழாயில் 2022-இல் சீழ் பிடித்து, அதை எடுத்துவிட நேர்ந்தது. வலது கையில் செய்த பிஸ்டுலா நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கை தூண் மாதிரி வீங்கிற்று. முன்பு அவசரத்தில் காரை எலும்புக்கடியில் வைத்த குழாய், மார்புக்குள் போகும் பெரிய சிரையைக் குறுக்கிவிட்டிருந்தது. தண்ணீர் வருகிறது, வடிகால் அடைத்திருக்கிறது! பலூன் வைத்து மூன்று தடவை விரித்துப் பார்த்தார்கள். 2023-இல் அந்தக் கையும் கைவிட்டது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தக் கூடாதா என்று நேயர்கள் கேட்பார்கள். நமக்குச் சர்க்கரை வியாதி. நம் சிறுநீரகத்தை டாக்டர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். அத்தானுக்கு ரத்தக் கொதிப்பு. அரசாங்கப் பட்டியலில் அக்காளின் பெயரைப் பதிந்து காத்திருக்கிறோம். வயிற்றுக்குள் திரவத்தை விட்டுச் சுத்தம் செய்யும் முறையும் உண்டு. இரண்டு தடவை வயிற்றைக் கிழித்துச் சிகிச்சை செய்துகொண்ட அக்காளுக்கு அது ஒத்து வராது என்றார்கள்.

வழி இல்லாமல் தவித்தவர்கள் சரித்திரத்தில் நிறைய உண்டு. சொல்லப் போனால் இந்த வைத்தியமே அந்தத் தவிப்பில்தான் பிறந்தது. ஜெர்மனியில் கீஸென் நகரத்து கியோர்க் ஹாஸ் என்பவர் 1924-இலேயே மனிதருக்கு டயாலிஸிஸ் செய்து பார்த்தார். ஆனால் கை கொடுக்கக்கூடிய யந்திரத்தைச் செய்தவர் ஹாலந்து தேசத்து வில்லெம் கோல்ப். 1943-ஆம் வருஷம், தேசம் ஜெர்மானியரின் பிடியில் இருந்த காலம், காம்பன் என்ற சின்ன ஊர். இறைச்சி அடைக்கப் பயன்படும் ஸெலொபேன் உறையை ஒரு மர உருளையில் சுற்றி, அதைத் தொட்டியில் சுழல விட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்தார். அவரிடம் முதலில் வந்தவள் 29 வயதுப் பெண். ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக் குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. அறுத்த இடம் மறு தடவைக்கு உதவாது. 12 தடவை சுத்தம் செய்தார்கள். அதற்கு மேல் குழாய் வைக்க அவளுடைய உடம்பில் இடமில்லை. யந்திரம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அந்தப் பெண் இறந்தாள். இதைப் படித்த அன்று நமக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அக்காளுக்கு வயது அதிகம், தேசம் வேறு, காலம் வேறு. ஆனால் கேள்வி அதே கேள்வி.

1960-இல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெப்லான் குழாய்கள் இரண்டை, ஒன்றைத் தமனியிலும் மற்றொன்றைச் சிரையிலுமாக வைத்து, வெளியே வளையமாகச் சேர்த்துவிட்டார். வேண்டும்போது பிரித்து யந்திரத்தில் மாட்டலாம், பிறகு சேர்த்துவிடலாம். அப்படி வைத்துக்கொண்ட முதல் நோயாளி 11 வருஷம் ஜீவித்திருந்தார். அந்தக் குழாயைக் கையில் மட்டுமின்றிக் கணுக்காலிலும் வைத்தார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெளியே தொங்கும் குழாயில் ரத்தம் உறையும்; சீழும் பிடிக்கும். 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரேசியா, சிமினோ முதலிய டாக்டர்கள் பிஸ்டுலா முறையை வெளியிட்ட பிறகுதான் அந்தத் தொல்லை நீங்கியது. வேடிக்கை என்னவென்றால், தமனியும் சிரையும் இப்படி ஒட்டிக்கொள்வதை 1757-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் ஹண்டர் என்பவர் விவரித்திருக்கிறார். ரத்தம் வடித்து வைத்தியம் செய்த அந்தக் காலத்தில், முழங்கையில் கத்தி ஆழமாகப் பட்டு நேர்ந்த விபத்து அது. கை தவறியவர்களின் விபத்தைக் கை தேர்ந்தவர்கள் வைத்தியமாக்க இருநூறு வருஷம் ஆயிற்று.

நிற்க. 2023 ஆனி மாதத்தில் நாம் போய்ச் சேர்ந்த ரண சிகிச்சை நிபுணர் காவிரிப் பக்கத்துக்காரர். அக்காளின் இரண்டு கைகளையும் வெகு நேரம் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்தி உட்கார்ந்து, அக்காளின் இடது காலைத் தம் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். அக்காள் பதறிப் போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

“என்ன டாக்டர், நீங்கள் போய் என் காலை…”

“இருக்கட்டும் அம்மா. எனக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது” என்றார் அவர்.

உள் கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் புறங்காலில் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதை அவர் பாஷையிலேயே சொல்லிவிடுகிறோம்.

“பாதத்துக்கு மூன்று வாய்க்கால் பாய்கிறது, அம்மா. ஒன்று முன்பக்கமாகப் புறங்காலுக்கு வருகிறது. ஒன்று உள் கணுக்காலுக்குப் பின்னால். மூன்றாவது வெளிப்பக்கம், சிறியது. மற்ற இரண்டும் நன்றாக ஓடுமானால், கணுக்காலுக்குப் பின்னால் வருகிற வாய்க்காலில் நாம் ஒரு மதகு வைக்கலாம். கடைமடை காயாது.”

மதகு வைத்துத் தண்ணீரைத் திருப்ப வேண்டியது எங்கே? அதே கணுக்காலின் முன்புறமாகத் தொடை வரையில் நீளமாக ஓடுகிறதே அந்தச் சிரைக்குள். உடம்பிலேயே மிக நீளமான சிரை அதுதான். இருதய வியாதிக்காரர்களுக்கு மாற்று வழி அமைக்கும்போது டாக்டர்கள் காலிலிருந்து உருவி எடுத்துக்கொள்வதும் இதைத்தான். நம் அக்காளுக்கோ அதை எடுக்க வேண்டியதில்லை. அடி முனையை மட்டும் விடுவித்து, எலும்புக்குப் பின்னால் திருப்பிவிட்டால் போதும்.

இவ்வளவு சுலபமானால் முதலிலேயே காலில் செய்திருக்கலாமே என்று கேட்டோம். டாக்டர் சிரித்தார். சுலபம் இல்லை என்றார். கை இரண்டும் தீர்ந்த பிறகுதான் காலைப் பற்றி யோசிப்பது. நிற்கும்போது உடம்பின் பாரமெல்லாம் இறங்குகிற இடம். ரத்தம் மேல் நோக்கி ஏற வேண்டிய இடம். காலின் சிரைக்குச் சுவர் தடிமன். கையிலுள்ளதைப் போல் அது சீக்கிரம் பருப்பதில்லை. அழுக்கும் ஈரமும் படுகிற இடமாகையால் சீழ் பயம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தமனியில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் மதகு வைத்த பிறகு பாதத்துக்கு ரத்தம் போதாமல் விரல்கள் அழுகிப் போகலாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கால் தமனியில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருப்பது சகஜம். “உங்களுக்கு என்றால் இந்த யோசனையையே சொல்லியிருக்க மாட்டேன்” என்று நம்மைப் பார்த்துச் சொன்னார். நம் காலைப் பற்றி நாம் அன்று முதல் கவலைப்படத் தொடங்கியிருக்கிறோம்.

கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார்கள், குறைவில்லை. டாப்ளர் என்னும் ஒலிப் படக் கருவியால் மூன்று தமனிகளையும் சிரையையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். சிரையில் தழும்பு இல்லை, அடைப்பு இல்லை. கன்னி நிலம்! நம் அக்காளின் உடம்பில் நாம் பாட்டில் ஏற்றாத இடம் அது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு வார்டில் அக்காளுக்குத் துணையாக நாம் இருந்தோம். ஏழு வருஷமாகப் பைலில் தூங்கிய சீட்டைப் பற்றி அன்றுதான் வாயைத் திறந்தோம். இடது கை, சின்ன நர்ஸ், “எங்கே கிடைக்கிறதோ அங்கே போடம்மா” எல்லாவற்றையும் சொன்னோம். அக்காள் விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்டா. டாக்டர் எழுதியதை நானும்தான் படித்தேன். கையை நீட்டினவள் யார்?” என்றாள். சற்று நேரம் கழித்து, “பாட்டில் ஏறினால் அன்றைக்கு ஒரு நாளாவது வீட்டு வேலை கிடையாது, தம்பி. படுத்துக்கிடக்கலாம்” என்றாள்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை ஒரு சிறு சங்கடம் ஏற்பட்டது. ஆபரேஷன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாதாம். கொலுசைக் கழற்றியாயிற்று. மெட்டி வரவில்லை. கல்யாணத்தன்று அத்தான் அம்மியில் காலை வைத்துப் போட்டுவிட்டது; முப்பது வருஷத்துக்கு மேலாகக் கழற்றியதே இல்லை. நர்ஸ் கத்தரிக்கோலைக் கொண்டு வந்தாள். அக்காள் சம்மதிக்கவில்லை. கடைசியில் அத்தானே உட்கார்ந்து, சோப்பு நுரையைத் தடவித் தடவிக் கால் மணி நேரத்தில் உருவி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் நடந்த இரண்டு மணி நேரமும் அவர் கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.

முதுகுத் தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்துவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு டாக்டர் தைத்திருக்கிறார். பிறகு அந்த நூலை நமக்குக் காட்டினார். தலைமயிர் அதற்கு அண்ணன். இந்தத் தையலுக்கும் ஒரு கதை உண்டு. 1894-இல் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ லியோன் நகரத்தில் கத்திக்குத்துக்கு ஆளாகி, அறுந்த ரத்தக் குழாயைத் தைக்கத் தெரிந்தவர் இல்லாமல் மாண்டார். அது அவ்வூரிலிருந்த அலெக்ஸிஸ் காரெல் என்னும் இளைஞரின் மனத்தை உறுத்திற்று. அவர் பூ வேலைத் தையல்காரி ஒருத்தியிடம் போய் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, குழாயோடு குழாயைத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தையல்காரிக்கு என்ன கிடைத்ததோ!

கட்டுப் போடும் முன்பே டாக்டர் நம்மை உள்ளே கூப்பிட்டு, கணுக்காலுக்குச் சற்று மேலே விரலை வைக்கச் சொன்னார். தோலுக்கடியில் மடியிலுள்ள பூனை குறுகுறுப்பதைப் போல் ஓர் அதிர்வு. மதகு திறந்துவிட்டது.

ஆனால் தண்ணீர் திறந்த அன்றே வாய்க்கால் அகலமாகிவிடுவதில்லை. ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார்கள். அதுவரையில் டயாலிஸிஸ் நடந்தது வலது தொடை இடுக்கில் வைத்திருந்த கதீட்டரின் வழியாக. மார்புப் பக்கம் பெரிய சிரைகள் குறுகிவிட்டதால் அதற்கும் வேறிடம் இல்லை. ஐந்தாவது வாரம், டயாலிஸிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அக்காளுக்குக் கட்டில் ஆடும்படியாகக் குளிர் நடுக்கம் கண்டது. கதீட்டரில் கிருமி. அதை எடுத்துவிட்டால் டயாலிஸிஸ் இல்லை. எடுக்காவிட்டால் ரத்தமெல்லாம் விஷம். பழைய குழாயை எடுத்தார்கள். இரண்டு நாள் டயாலிஸிஸ் இல்லாமல் தண்ணீரைக்கூட அளந்து கொடுத்துக் கடத்தினார்கள். பிறகு இடம் மாற்றிப் புதுக் குழாய் வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் அக்காள் தாகத்தில் உதட்டை நக்கிக்கொண்டே கிடந்தாள். நாம் காலருகே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை குறுகுறுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தோம். ஜுரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தால் பிஸ்டுலா உறைந்துவிடும் என்பது 2021-இல் பட்ட அனுபவம். அது நிற்கவில்லை.

ஆறு வாரம் ஆயிற்று; சிரை போதவில்லை. எட்டு வாரம், “இன்னும் கொஞ்சம்” என்றார்கள். பத்தாவது வாரம் தலையணையின் மேல் காலை நீட்டி வைத்து, கெண்டைக் காலின் உட்புறத்தில் இரண்டு ஊசிகளைப் போட்டார்கள். டெக்னீஷியன் பையன் அதுவரை நூற்றுக்கணக்கான கைகளில் போட்டவன். காலில் போடுவது அதுதான் முதல் தடவை. அவன் நெற்றி வியர்த்ததைப் பார்த்து அக்காள், “பயப்படாதே அப்பா, அது என் கால்தான்; புலி வால் அல்ல” என்றாள். யந்திரத்தை முதலில் 200-இல் ஓட விட்டான். பிறகு 250. கடைசியில் 300 என்ற எண் வந்தது. யந்திரம் ஒரு தடவைகூடக் கூவவில்லை.

அன்று அக்காள் செய்த முதல் காரியம், இரண்டு கைகளாலும் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டது. ஆரோக்கியசாலிகளுக்கு இது ஒரு விஷயமாகத் தோன்றாது. ஆறு வருஷமாக டயாலிஸிஸ் நேரத்தில் ஒரு கை ஊசியோடு பலகையில் கிடக்கும்; தொடையில் குழாய் இருந்த நாட்களிலோ சாய்ந்து உட்காரவே அனுமதி இல்லை. அடுத்த தடவை அவள் ஒரு வாரப் பத்திரிகையும் சாத்துக்குடியும் கொண்டு போனாள். பழத்தை மருந்தைப் போல் அளந்துதான் சாப்பிட வேண்டும். இரண்டு சுளைதான் அனுமதி. மீதியை உரித்துப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

குறைகளும் உண்டு. கோலம் போடக் குந்தி உட்காரக் கூடாது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்குகிறது. கொசு கடித்த இடத்தைச் சொறியக் கூடாது. மெட்டிக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் காலில் மட்டும் கொலுசு கூடாது என்றுவிட்டார்கள். ஒற்றைக் கொலுசோடு நடக்க மாட்டேன் என்று அக்காள் இரண்டையும் பெட்டியில் வைத்துவிட்டாள். எப்போது வேண்டுமானாலும் இதுவும் அடைபடக்கூடும் என்பது நமக்குத் தெரியும். வலது கால் மிச்சம் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்.

பிஸ்டுலா கையிலிருந்த காலத்தில் அக்காள் இரவில் கையைக் காதோடு வைத்துப் படுத்து, உஸ் உஸ் என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவாள். காலைக் காதோடு வைக்க முடியுமா? இடுப்பு வலியினால் குனிந்து தொடவும் சிரமம். அத்தானுக்கு விரலில் உணர்ச்சி கொஞ்சம் மட்டு. ஆகவே பக்கத்துத் தெருவிலிருக்கும் நாம் தினந்தோறும் காலையில் காபிக்கு முன்னால் போய் அக்காளின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம். “நமஸ்காரம் பண்ண வந்தாயா, நாடி பார்க்க வந்தாயா?” என்று அவள் தவறாமல் கேட்கிறாள். குறுகுறுப்பு இல்லாவிட்டால் காபி இல்லை; நேரே ஆஸ்பத்திரிதான்.

2024-இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. வியாழன் அக்காளுக்கு டயாலிஸிஸ் நாள். பண்டிகையை முன்னிட்டு ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். ஆகவே கங்கா ஸ்நானம், நமஸ்காரம் எல்லாம் இருட்டிலேயே நடந்தன. நம் பேரன், ஐந்து வயது, எண்ணெய் வழிய வந்து விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாட்டி, உன் காலுக்குள்ளே வண்டு பறக்கிறது!” என்றான்.

“பறக்கட்டும், நீ எழுந்திரு” என்று அக்காள் அவன் கையில் நோட்டை வைத்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாத்துக்குடியையும் பத்திரிகையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.